நிரை மாற்றத் தடம்

உறவுநிலைத் தரவுத்தள அட்டவணையில் ஒரு நிரை திருத்தப்படும்போது, அதன் பழைய மதிப்பையும் திருத்திய நேரத்தையும் திருத்தியவரையும் பேணும் முறை. வழக்கமான அப்டேட் கட்டளை பழையதை நீக்கிவிடும். எடுத்துக்காட்டாக, இலங்கையின் மன்னார்ப் பகுதித் தொல்லிடங்களுக்கு அட்டவணை அமைத்தால் திருக்கேதீஸ்வரத்துக்கு ஒரு நிரை இருக்கும்: போர்த்துக்கேயர் இடித்த கோயில், 1872இல் ஆறுமுக நாவலர் மீட்கக் கோரிய இடம், 1893இல் சைவர்கள் வாங்கிய நிலம், 2022இல் குடமுழுக்குக் கண்ட ஆலயம். இன்றைய நிலையை மட்டும் தாங்கும் நிரை அழிவையும் மீட்பையும் ஒருங்கே மறைக்கிறது. அது பிழையான பதிவு என்றே கொள்ள வேண்டும். 1893இன் நிகழ்வு இன்று பதியப்பட்டால் நிகழ்ந்த காலம் வேறு, பதிந்த காலம் வேறு. எஸ்கியூஎல் 2011 தரநிலை இவ்விரண்டுக்கும் தனித்தனிக் காலவரம்புகளை வகுத்தது.

ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்தால் இடம் பெருகும், வேகம் குறையும் என்பர். விநாடிக்கு ஆயிரம் முறை மாறும் கருவி அளவீடுகளுக்கு இது நியாயமான மறுப்பு; ஆண்டுக்குச் சில முறை மாறும் காணி, கோயில் பதிவேடுகளுக்குப் பொருந்தாது. இந்தத் தடத்தை எழுதும் ஒரு வழி, நிரை மாறும்போது தானாக இயங்கும் டிரிக்கர்; அது அதே பரிவர்த்தனைக்குள் இயங்குவதால் எழுதும் வேலை சற்றுத் தாமதமாகும். தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பதிவேட்டைப் பின்னர் வாசிக்கும் முறையில் அந்தச் சுமை குறைவு. ஆனால் செயலியில் மாற்றியவர் யார் என்பது அங்கே பெரும்பாலும் கிடைக்காது. உரிமைத் தகராறு எழக்கூடிய பதிவுகளுக்கு அந்தப் பெயரே முதன்மை என்பதால், செயலி அதைத் தரவுத்தளத்துக்குத் தெரிவிக்குமானால், டிரிக்கரே தகுந்தது.