அரை அங்குல மரையாணியின் வரலாறு

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் தேர் வடத்தைப் பற்றி இழுத்தவர்கள் அதன் முறுக்கைக் கையில் உணர்ந்திருப்பார்கள். பல புரிகளைச் சேர்த்துத் திரித்ததே வடம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே உள்ள இராசபாளையத்தில் பஞ்சாலைகள் நூற்பதும் முறுக்கேறிய இழையே. அந்த ஆலை இயந்திரங்களைப் பூட்டி நிறுத்தும் மரையாணியிலும் ஒரு புரி ஓடுகிறது. திருகு அளவியைக் கையாண்ட மாணவர்கள் ‘புரியிடைத் தூரம்’ என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தூரத்தைப் பற்றி எழுந்த வழக்குதான் இக்கட்டுரை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறுபட்டது. ஓரிடத்து ஆணி வேறோரிடத்து நட்டில் ஏறாது. ஹென்றி மாட்சிலியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் என்னும் பொறிஞர் பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டி அளந்து, சராசரி கண்டு, 1841-இல் பொது அளவுமுறை ஒன்றை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அரை அங்குல ஆணியில் அங்குலத்திற்கு 12 புரிகள். 1864-இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையே செய்வதற்கு எளிது என்றார். அவருடைய அரை அங்குல ஆணிக்கு 13 புரிகள். ஒரே ஒரு புரிதான் வேறுபாடு. ஆனால் நட்டு ஏறாது!

1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்ஸைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் இந்திய நூற்பாலைகளுக்கு இயந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்தே கப்பலேறி வந்தன. அவற்றுடன் விட்வொர்த்தின் மரையும் நம் நாட்டில் குடியேறியது. பிறகு 1956-இல் நாம் மெட்ரிக் முறைக்குச் சட்டம் செய்தோம். 12 மி.மீ. ஆணியின் புரியிடைத் தூரம் 1.75 மி.மீ.; அரை அங்குல விட்வொர்த் ஆணிக்கோ ஏறத்தாழ 2.12 மி.மீ. சட்டத்தை ஒரு நாளில் இயற்றலாம். நூற்பு இயந்திரமோ முப்பது நாற்பது ஆண்டு உழைப்பது.

இதன் விளைவை 1970-களில் நேரில் கண்டேன். இவ்விரு ஊர்களுக்கும் இடையே சாலையோரப் பட்டறை ஒன்றில் விடுமுறை நாட்களில் எடுபிடியாக இருந்தேன். ஒரு சிறிய ஆலையில் நான்கு ஆணிகள் அறுந்து இயந்திரம் நின்றது. அது ஓடாத நாளில் அதை ஓட்டுபவர்களுக்குக் கூலி இல்லை. எங்களிடம் உட்புற மரையிடும் டேப் இருந்தது. வெளிப்புற மரை வெட்டும் அச்சுக்கு, அதாவது டைக்கு, பல் உதிர்ந்திருந்தது. மரை வெட்டத்தக்க கடைசல் இயந்திரமும் இல்லை. வெளியூரிலிருந்து டை வரும்வரை காத்திருப்பதா? மேஸ்திரி ஒரு பழைய பெரிய அரத்தை எடுத்தார்.

அரம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரி கலந்த எஃகு. அதைச் செந்தணலாக்கிச் சாம்பலில் புதைத்து, இரவு முழுதும் ஆறவிட்டால் அறுக்கும் பதத்திற்கு இளகிவிடும். முள்ளைச் சாணையில் நீக்கி, சதுரமாக அறுத்து, நடுவில் சுமார் பத்தரை மில்லிமீட்டர் துளையிட்டு, எண்ணெய் விட்டு டேப்பை மெல்லத் திருப்பினார். ஆணி நுழையும் வாயைச் சற்று அகலமாகச் சரித்தார். நடுத்துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இட்டு, இடைச்சுவரை அரத்தால் திறந்தார். வெட்டும் விளிம்பு அங்கேதான் பிறக்கிறது. சீவலும் அவ்வழியே வெளியேறும்.

இனித்தான் துவைச்சல். எஃகைச் செந்நிறத்துக்குக் காய்ச்சினால் ஒரு கட்டத்தில் காந்தம் அதை இழுக்காது. அப்போது இரும்பணுக்களின் அடுக்கு மாறியுள்ளது. கரி அதனுள் கரைந்துவிடுகிறது. அந்நிலையைச் சற்றுக் கடந்ததும் சட்டென்று குளிர்வித்தால், கரி வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். அடால்ஃப் மார்ட்டன்ஸ் என்னும் ஜெர்மானியர் பெயரால் மார்ட்டன்சைட் எனப்படும் மிகக் கடினமான அமைப்பு இதுவே. நான் ஆர்வக்கோளாறில் அதைத் தண்ணீரில் போட்டேன். ‘டிக்’ என்றது. குறுக்கே ஒரு விரிசல். இரண்டு நாள் உழைப்பு போயிற்று. மேஸ்திரி திட்டவில்லை. “பல்லு மெல்லிசு தம்பி, எண்ணெயே போதும்” என்று மீதி அரத்தை அறுக்கத் தொடங்கினார்.

இரண்டாவது டை கடலை எண்ணெயில் இறங்கியது. அரம் அதன்மேல் வழுக்கிற்று. கடினம் ஏறிவிட்டதற்கு அதுவே சான்று. ஆனால் இந்நிலையில் எஃகு கண்ணாடி போல் உடையும். எனவே உப்புத்தாளால் பளபளப்பாக்கி, காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் மணல் பரப்பி அதில் வைத்தோம். சுமார் 230° செல்சியசில் வைக்கோல் மஞ்சள் படரும். 255-இல் பழுப்பு, 300-இல் நீலம். மேலே படியும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் தடிப்பே இந்நிறங்களைத் தருகிறது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் நிறம் காட்டுவது போலத்தான். நெடுநேரம் வைத்தாலும் ஏடு தடிக்கும். ஆகவே இந்த வெப்பமானி கொஞ்சம் பொய்யும் சொல்லும்.

மறுநாள் காலை ஆறு ஆணிகள் வெட்டினோம். ஆலைக்கு நான்கு போதும். நண்பகலுக்குள் இயந்திரம் ஓடியது. ஏழாவதில் ஒரு பல்லின் முனை சிதறியது. மஞ்சள் அரும்பியவுடன் அவசரமாக எடுத்துவிட்டோம் போலும். மூன்றாவது டை செய்தபோது, மஞ்சள் முதிர்ந்து பழுப்பைத் தொடும்வரை மேஸ்திரி இடுக்கியைக் கையில் எடுக்கவில்லை.