ஆர்சிங்க்

ஒரு கணினியில் உள்ள கோப்புகளை இன்னொரு கணினியில் அதே நிலையில் வைத்திருக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள். கோப்பின் உள்ளடக்கத்தோடு உரிமையாளர், குழு, அனுமதிகள், கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவற்றையும் கொண்டுசேர்க்கும். உள்ளடக்கத்தை அனுப்புவதில் சிக்கல் குறைவு. உரிமையை அனுப்புவதுதான் இன்றும் நிர்வாகிகளுக்குத் தலைவலி.

காரணம் யூனிக்ஸின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதை உருவாக்கியபோது கோப்பின் உரிமையாளரைப் பெயராக அல்ல, எண்ணாகவே வட்டில் பதிந்தார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அந்தந்தக் கணினிக்குள் இருக்கும். எல்லைக்கு வெளியே போனால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நம் கல்வெட்டு மரபு இதற்கு நேர்மாறு. உத்திரமேரூர், திருப்புலிவனம் வட்டாரத்துச் சோழர் கால ஆவணங்கள் ஊரைக் கூடக் கோட்டத்தோடு சேர்த்து, காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்றே சொல்லும். திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க இடித்தபோது முதலாம் இராசராசன் ஆணைப்படி பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பெயரும் இடமும் முழுதாக இருந்ததால் சுவர் மாறியும் உரிமை மாறவில்லை.

யூனிக்ஸிலோ, 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை எண்களை மட்டுமே சுமந்தது. 1988-இல் போசிக்ஸ் தரம் வரையறுத்த வடிவத்தில்தான் பெயரும் சேர்ந்தது. இடையில் பெர்க்லி யூனிக்ஸில், கணினிகளுக்கிடையே கோப்பை நகலெடுக்கும் ஆர்சிபி, ஆர்டிஸ்ட் கட்டளைகள் வந்தன. ஒரு வரி திருத்தியிருந்தாலும் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பியது அவற்றின் குறை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும். 1996 ஜூனில் ஆர்சிங்கை வெளியிட்டார்கள். பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம துண்டுகளாக்கி, துண்டுக்கு இரண்டு சரிபார்ப்புத் தொகைகளை அனுப்பும்: எளிதில் கணக்கிடக்கூடிய 32 பிட் தொகை ஒன்று, நம்பகமான 128 பிட் தொகை ஒன்று. அனுப்பும் கணினி தன் கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து பொருத்தம் தேடும். எளிய தொகையை ஒவ்வொரு நகர்விலும் புதிதாகக் கூட்ட வேண்டியதில்லை. போன பைட்டைக் கழித்து வந்த பைட்டைச் சேர்த்தால் போதும். பொருந்தாத பகுதி மட்டுமே கம்பியில் ஏறும். மெதுவான மோடம் காலத்தில் இது பெரிய விடுதலை. டிரிட்ஜெலின் 1999 முனைவர் பட்ட ஆய்வேட்டில் இம்முறை விரிவாக உள்ளது.

உரிமை விஷயத்தில் ஆர்சிங்க் பெயர், எண் இரண்டையும் அனுப்புகிறது. பெறும் பக்கம் அதே பெயர் இருந்தால் அதற்கு, இல்லையேல் எண்ணுக்கு. ஆனால் ரூட் எனும் தலைமை நிர்வாகியின் அதிகாரம் இல்லாமல் பிறர் பெயருக்குக் கோப்பை மாற்ற முடியாது. வட்டு ஒதுக்கீட்டில் ஏமாற்றாமலிருக்க யூனிக்ஸ் வகைகள் பலவும் வைத்த பூட்டு இது.

எண் மட்டும் வரும்போது வரும் வினையை லினக்ஸில் எளிதாகப் பார்க்கலாம். டெபியன் நிறுவலில் முதல் பயனர் எண் 1000. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது இருந்தது. இப்படிப்பட்ட இரண்டு கணினிகளுக்கிடையே எண்ணோடு மட்டும் கோப்பை மாற்றினால் ஒருவர் கோப்பு சத்தமில்லாமல் மற்றவருடையதாகிவிடும். ரெட் ஹாட் 2014 வரை 500-இலிருந்து எண்ணியது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறியவர்களுக்கு அதனால் வேறு குழப்பம். ஃபேட் வடிவப் பென்டிரைவில் உரிமையைப் பதிய இடமே கிடையாது.

2008-இல் வந்த 3.0.0 பதிப்பு நுண் அனுமதிப் பட்டியல்களையும் கூடுதல் பண்புகளையும் சுமக்கத் தொடங்கியது. பலரும் நம்பியிருக்கும் ‘-a’ (ஆவணக்காப்பு) தெரிவில் இவையும் வன் இணைப்புகளும் அடங்கா. தனியே கேட்க வேண்டும். பெயரே தவறு என்பேன்: ஆவணக்காப்பு என்று சொல்லிக்கொண்டு பாதியை விட்டுவிடுகிறது. விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பியும் அப்படித்தான், கேட்காமல் உரிமையாளரை எடுத்துச் செல்லாது.

2025 ஜனவரியில் 3.4.0 பதிப்பு ஆறு பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தது. ஆர்சிங்கைச் சேவையகமாக இயக்குவோர் அதற்கு முந்தைய, திருத்தம் பெறாத பதிப்பில் தங்கியிருக்கக் கூடாது.