சுவருக்குள் போன நெருப்பு

‘அவன்’ என்று எழுதினால் ஓர் ஆள் வந்து நிற்கிறான். ‘ஓவன்’ என்று எழுதினால் பிழை திருத்துபவர் அடிக்கோடு போடுகிறார். ‘வெதுப்பி’ என்ற கலைச்சொல்லை வீட்டில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஈழத்தமிழரிடம் இதற்கு ஒரு சொல் பல தலைமுறைகளாகப் புழக்கத்தில் உண்டு: போறணை. போர்த்துக்கீசியரின் ‘ஃபோர்னோ’ கரை இறங்கி அப்படி ஆனது. அதில் வேகும் பாணும் அவர்களோடு வந்த சொல்தான்.

தமிழ்ச் சமையலறைக்கு இப்படியொரு கடன் தேவைப்பட்டதில் வியப்பில்லை. அவிப்போம், வறுப்போம், பொரிப்போம், கல்லில் வார்ப்போம், தணலில் சுடுவோம். எல்லாமே கண்ணுக்கு முன்னால் எரியும் நெருப்பில். மூடிய அறைக்குள் நான்கு பக்கமும் சூடேற்றி ஒன்றை வேகவைப்பது குயவருக்கும் செங்கல் அறுப்பவருக்கும் உரிய வேலை. அதன் பெயர் சூளை. சோற்றுக்கும் சூளைக்கும் சம்பந்தமில்லை. மலாயாவுக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் பஹுலு செய்வதைப் பார்த்தோம். பித்தளை அச்சுக்குக் கீழே கரி, மூடியின் மேலேயும் கரி. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு தகரப்பெட்டியை ஏற்றி வைத்து சுஜி பிஸ்கட்டும் பைனாப்பிள் தார்ட்டும் தீபாவளிப் பலகாரமாயின. முறுக்குக்குப் பக்கத்தில் தார்ட் உட்கார்ந்த கதையை யாராவது தனியாக எழுத வேண்டும்.

இன்று கோலாலம்பூர் கொண்டோவிலும் சிங்கப்பூர் வீவக வீட்டிலும் அந்தப் பெட்டி கபினெட்டுக்குள் பதிந்துவிட்டது. அதோடு ஒரு கையேடும் வருகிறது. முதல் பத்துப் பக்கமும் எச்சரிக்கை. கதவில் சாயாதே, தாளை விரிக்காதே, காற்றுத் துளையை அடைக்காதே. பிளாஸ்டிக் உறையோடு அதை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். நான் அதை வரலாற்று ஆவணமாக வாசிக்கத் தொடங்கியது ஒரு சலிப்பில்தான். வாசிக்க வாசிக்க, அந்தச் சாரமற்ற வரிகளுக்குப் பின்னால் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் பெஞ்சமின் தாம்சன். 1753இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷார் பக்கம் நின்றவர், அவர்களுக்கு உளவும் சொன்னவர். பிறகு ஜெர்மனியின் பவேரிய அரசில் பெரிய பதவிக்கு உயர்ந்து, ரம்ஃபோர்டு பிரபு ஆனார். அவ்வளவு நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் வெப்பம் என்றால் அவருக்குப் பித்து. பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் சூட்டை வைத்தே, வெப்பம் ஒரு பொருள் அல்ல, அசைவு என்று வாதிட்டவர். மியூனிக்கில் ஏழைகளுக்கான வேலைக்கூடத்தில் சமையலறை அமைத்தபோது, திறந்த அடுப்பில் விறகின் பெரும்பகுதி புகைபோக்கிக்கே போவதையும், சமைப்பவர் வெந்து போவதையும் கவனித்தார். அவருடைய தீர்வு எளிமையானது: நெருப்பைச் செங்கல்லுக்குள் அடை.

அப்படிப் பிறந்ததுதான் ரம்ஃபோர்டு ரோஸ்டர். செங்கல் கட்டுமானத்துக்குள் படுக்கவைத்த இரும்பு உருளை, முன்னால் கதவு, அடியில் தீ. உருளைக்குக் கீழே இரண்டு ஊதுகுழாய்கள். இறைச்சி வெந்த பிறகு அவற்றின் அடைப்பைத் திறந்தால் சூடான உலர்காற்று உள்ளே பாய்ந்து மேல்தோலைச் சிவக்க வைக்கும். நீராவி மேலே உள்ள குழாய் வழியாக வெளியேறும். இன்றைய ஓவனின் விசிறி செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1807இல் கட்டப்பட்ட ஒரு வீட்டின் சமையலறையில் அந்த ரோஸ்டர் இன்னும் சுவரோடு சுவராக இருக்கிறது. என் கணக்கில் பதிந்த ஓவனின் மூதாதை அதுதான்.

காற்றுத் துளையை மூடாதே என்ற வரி இங்கிருந்து வருகிறது. நெருப்பை அடைத்துவிடலாம், ஆனால் அது மூச்சுவிடும் வழியை நாம்தான் வரைந்து கொடுக்க வேண்டும். பதிந்த ஓவனின் முதுகுக்குப் பின்னால் கையேடு கேட்கும் இடைவெளியைத் தச்சர்கள் அடிக்கடி விழுங்கிவிடுகிறார்கள். கபினெட் நேர்த்தியாகத் தெரியவேண்டுமாம். நம் கபினெட்டுகள் பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. வருடக்கணக்காகச் சூடு ஏறினால் பசை இளகும், மேல்தாள் உரியும். அதற்கு முன்பே ஓவனுக்குள் இருக்கும் மின்சுற்றுகள் வெந்து போயிருக்கும்.

இரண்டாம் கட்டம் வாயு. 1826இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஜேம்ஸ் ஷார்ப் வாயு அடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1840களில் லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் புகழ்பெற்ற சமையல்காரர் அலெக்சிஸ் சோயர் வாயுவில் சமைத்துக் காட்டினார். ஆனாலும் மக்கள் பயந்தார்கள். நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. கசிந்தால் உயிர் போகும். நம் பக்கத்தில் அந்த வாயு முதலில் சமையலுக்கு வரவில்லை, வெளிச்சத்துக்கு வந்தது. சிங்கப்பூர் காலாங்கில் 1862இல் கட்டப்பட்ட வாயு ஆலை, 1864 முதல் தெருவிளக்குகளுக்கு வாயு கொடுத்தது. ஹொக்கியன் பேசியவர்கள் அந்த இடத்தை ‘நெருப்பு நகரம்’ என்றார்கள். 1998இல்தான் அது மூடப்பட்டது.

வாயு ஓவனின் பெரிய சிக்கல் சூட்டை அளக்க முடியாதது. சமையல்காரி உள்ளே கையை நீட்டி எண்ணுவாள். அல்லது கொஞ்சம் மாவைத் தூவி எவ்வளவு நேரத்தில் பழுக்கிறது என்று பார்ப்பாள். 1923இல் இங்கிலாந்தில் ‘ரெகுலோ’ என்ற கருவி வந்தது. ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் சூட்டில் அதிகம் விரியாத உலோகத்தில் ஒரு கம்பி. குழாய் நீளும், கம்பி அப்படியே நிற்கும், இரண்டுக்குமான வித்தியாசம் வால்வை மெல்ல மூடும். அவ்வளவுதான். பழைய ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் ‘கேஸ் மார்க் 4’ என்று பார்த்திருப்பீர்கள். 180 டிகிரி என்று பொருள். அந்த எண்களுக்கு முன்பு சூடு என்பது ஒரு பெண்ணின் உள்ளங்கை.

பிறகு தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு வந்தது. வாயு ஓவனைப் பற்றவைத்த பிறகும் குமிழைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்களே, அதன் காரணம் இதுதான். தீயில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக முனை சூடேறி, கொஞ்சூண்டு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. தீ அணைந்தால் முனை ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். “பிடிச்சிக்கிட்டே இருக்கணும், கை வலிக்குது” என்று யாரோ சொல்ல, வேறு யாரோ குமிழுக்கு ரப்பர் வளையம் மாட்டி வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓவனுக்கு இனி தீ இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தோங் காலியாகும்வரை வாயு விட்டுக்கொண்டே இருக்கும்.

மின்சார ஓவனுக்கு ஒரு கம்பி தேவைப்பட்டது. சிவக்கச் சூடானாலும் காற்றில் உருக்குலையாத கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை பெற்றார். நம் டோஸ்டர், ஓவன் எல்லாம் அதன் வாரிசுகள்.

ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது இன்னொருவரை. கரோலின் ஹாஸ்லெட். பிரிட்டனில் மின்சாரத்தை வீட்டுப் பெண்களுக்குப் பழக்கப்படுத்தப் பாடுபட்ட பொறியாளர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பிந்திய வீடுகளின் மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருந்த ஒரே பெண் அவர். 1947இல் தரநிலையாக வந்த அந்த மூன்று சதுரமுனை பிளக்கில், நீளமான முனை முதலில் நுழைந்து மற்ற இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கிறது. குழந்தை ஊக்கை நுழைத்தாலும் மின்சாரத்தைத் தொடாது. மலேசியாவும் சிங்கப்பூரும் இன்றும் பயன்படுத்துவது அதே பிளக். காலனியம் விட்டுச்சென்றதில் நான் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும் மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று.

அந்த பிளக்குக்கு ஓர் எல்லை உண்டு. 13 ஆம்பியர், 230 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 3000 வாட். சிறிய பதிந்த ஓவன்கள் அதற்குள் அடங்கும். பெரியவை அடங்காது; மின்பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும். கெட்டிலும் ஓவனும் ஒரே நீட்டுவயரில் தொங்கும் சமையலறைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அங்கேயும் ஓர் அடுப்பு எரிகிறது என்று பொருள்.

இனி ஐரோப்பியக் கையேடுகள் பெரிதாகப் பேசாத நம் ஊர் ஈரத்துக்கு வருகிறேன். கிள்ளானில் என் சின்னம்மா வீட்டு ஓவன் ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் தூங்கும். ஒரு வருடம், பலகார வேலை தொடங்கிய நாளில் ஓவனைத் திருகியதும் வீடே இருண்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம், திரும்பத் திரும்பத் தட்டியது. வந்த வயர்மேன் பெரியவர். சித்தப்பா அவரிடம், “அண்ணே, அந்த ஈஎல்சிபியைத் தாண்டி ஒரு வயர் போட்டு விட்டுருங்க. தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். வயர்மேன் டெஸ்டரைப் பைக்குள் வைத்தார். “போடலாம் தம்பி. அப்புறம் தங்கச்சி ஈரக்கையோட கதவைத் தொட்டா யாரு பதில் சொல்றது?”

நடந்தது இதுதான். ஓவனின் சூடேற்றும் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, அருமையான பொருள். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓவன் சும்மா கிடந்தால் குழாயின் முனை வழியே நம் காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். பிறகு போட்டதும் மின்சாரத்தில் சிறு பங்கு உலோக உடலுக்குக் கசியும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை என்பதை அந்தச் சாதனம் கண்டுபிடித்து, நொடியின் ஒரு துண்டுக்குள் இணைப்பை அறுக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர்தான் அதன் பொறுமை. சின்னம்மா வீட்டுக் கம்பியை மாற்றவேண்டியதாயிற்று. அந்த வருடம் தார்ட் பக்கத்து வீட்டு ஓவனில் வெந்தது. அதற்குப் பிறகு சின்னம்மா மாதம் ஒருமுறையாவது எதையாவது ஓவனில் வைத்துவிடுகிறார். கம்பி காய்ந்தே இருக்கிறது.

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்தச் சாதனம் கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளும் பொருத்த வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில்தான் வந்தது. இரண்டு வருட அவகாசத்தோடு. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பழைய வீடுகளில் எத்தனை கைகள் எத்தனை கதவுகளைத் தொட்டிருக்கும்.

தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் 1960களில் அமெரிக்காவில் வந்தது. உள்ளே ஏறத்தாழ 500 டிகிரிவரை ஏற்றி எண்ணெய்க்கறையைச் சாம்பலாக்கும். அந்நேரம் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். கம்பித்தட்டுகளை முன்பே எடுத்துவிட வேண்டும், சிந்திய கொழுப்பைத் துடைத்துவிட வேண்டும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள தட்டு ஒன்றை மறந்து உள்ளே விட்டால் அதிலிருந்து எழும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். மெர்போக் வளர்க்கும் வீடு என்றால் கூண்டை முதலில் வெளியே கொண்டுபோங்கள்.

இவ்வளவு பேர் யோசித்து உருவாக்கிய பெட்டியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? வாணலி வைக்க. இந்தியர் வீட்டு ஓவனைத் திறந்தால் இரண்டு கடாய், ஒரு தோசைக்கல், மூடி காணாமல்போன பிளாஸ்டிக் டப்பாக்கள். எனக்கு இதில் சிரிப்பு வருவதுண்டு. ஆனால் யாராவது முன்சூடு ஏற்றப் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மறந்தால் சிரிப்பு நின்றுவிடும். உள்ளே எது பற்றினாலும் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று கிடைக்கும். மின்சாரத்தையோ வாயுவையோ நிறுத்திவிட்டு மூடியே வையுங்கள். தீ தானாக மூச்சு முட்டிச் சாகும். எண்ணெய் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் கை அதைத்தான் தேடும்.

கண்ணாடிக் கதவை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். கடினப்படுத்திய கண்ணாடி கீறலை மறப்பதில்லை. என்றோ ஒருநாள் சூட்டில் மொத்தமாக உதிரும். அடித்தளத்தில் அலுமினியத் தாளை விரித்தால் சூடு அங்கேயே தேங்கி எனாமல் பூச்சைக் கெடுக்கும். சமைத்து முடித்து அணைத்த பிறகும் உள்ளே ஒரு விசிறி ஓடிக்கொண்டிருப்பது கேட்கும். அது பழுது அல்ல. கபினெட்டையும் மின்சுற்றையும் ஆற்றிக்கொண்டிருக்கிறது. சுவர் சுவிட்சைத் தட்ட அவசரப்படாமல், அது ஓய்ந்த பிறகு தட்டுங்கள்.