ஜொகூரின் கோத்தா கெலாங்கியும் கூட்டுக் கலைக்களஞ்சியத்தின் சான்று நெறியும்

முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சியம் என்றதும் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளே நம் நினைவுக்கு வரும். அதில் முடிவு கூறும் பொறுப்பு பதிப்பாசிரியரிடம் இருந்தது. 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகவே, கருத்து முரண் எழும்போது ஆளின் தகுதியன்று, சான்றின் தகுதியே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இந்நெறி எவ்வாறு பயன்படும் என்பதை ஜொகூர் வரலாற்றுச் சிக்கல் ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

சிக்கலின் தோற்றம்

ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட ஒரு நகரை ராஜா சூலான் வென்றதாகச் ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. இதனை முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்போடு இணைத்துப் பார்ப்பவர் உண்டு. அந்நகரே கோத்தா கெலாங்கி என்றும், அது ஜொகூர்க் காட்டில் புதைந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் ரைமி செ ரோஸ் அரச ஆசியக் கழக மலேசியக் கிளையின் ஆய்விதழில் எழுதினார். 2005 பிப்ரவரியில் நாளிதழ்கள் இதனைப் பெரிதாக வெளியிட்டன. அவ்வாண்டு ஜூலையில் அரசு நியமித்த குழு ஒரு மாத காலம் ஆய்ந்தது; நகரின் தடயம் எதுவும் கிட்டவில்லை என 2006 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

சான்றுகளின் தரம்

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் காலத்துச் சான்று. தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பெற்ற அது, கடல் கடந்து வென்ற இடங்களாகக் கடாரம், ஸ்ரீவிஜயம், இலங்காசோகம் முதலிய பதின்மூன்றைச் சுட்டுகிறது. கெலாங்கி என்னும் பெயர் அதில் இல்லை. செஜாரா மெலாயுவோ ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் பிற்பட்டது. புராணக் கூறுகள் கலந்தது. ஆய்விதழ்க் கட்டுரை ஒரு கருதுகோளை முன்வைக்கிறது. நாளிதழ்ச் செய்தி அக்கருதுகோள் வெளியானதற்குச் சான்றாகுமேயன்றி, நகர் இருந்ததற்குச் சான்றாகாது. களஆய்வின் எதிர்மறை முடிவும் தேடிய இடத்திற்கே பொருந்தும். மேலும், பகாங் மாநிலம் ஜெராண்டுட் அருகே கோத்தா கெலாங்கி என்னும் பெயரில் குகைகள் உள்ளன. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் தவறும் நேரக்கூடும்.

பூசல் தீர்க்கும் முறை

“சோழர் வென்ற நகர்” என ஒருவர் எழுத, “வெறும் கட்டுக்கதை” என மற்றொருவர் மாற்றினால் இருவருமே சான்றைக் கடந்து செல்கின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் மாறி மாறி நீக்குவது தீர்வாகாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்திற்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீள்விப்பவர் தடைசெய்யப்படலாம். உரையாடல் பக்கத்தில் சான்றுகளை முன்வைத்து இணக்கம் காண்பதே முறை. கல்வெட்டுப் பெயரையும் மலாய் நூற்பெயரையும் தொகுப்பாளர் தாமே இணைத்து முடிவு கூறுதலும் ஆகாது. அது சொந்த ஆய்வாகிவிடும். எந்நூல் கூறியது, எவர் கருதினார், களஆய்வு என்ன கண்டது என மூன்றையும் உரியவர் பெயரோடு தனித்தனியே எழுதினால் பூசலுக்கு இடம் குறையும்.

முடிவுரை

சோழரின் கடாரப் படையெடுப்பு கல்வெட்டுச் சான்றால் நிலைபெற்றது. அதனோடு நிறுவப்படாத ஒன்றைச் சேர்த்தால், நிறுவப்பட்டதும் ஐயத்திற்கு உள்ளாகும். இந்நாட்டில் நம் வரலாற்றைப் பிறர் ஏற்கவேண்டுமெனில், பெருமையைக் காட்டிலும் சான்றையே முன்னிறுத்த வேண்டும். கலைக்களஞ்சியத்தை மாணவர் கையில் கொடுக்கும் தமிழாசிரியர்கள், அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கத்தையும் உடன் கற்பித்தல் நன்று.