ஈரத் தட்டும் உழைப்பின் தடயமும்

கலைப்படைப்பை அதன் உற்பத்தி முறையினின்று பிரித்து நோக்கும் போக்கு புகைப்பட வரலாற்றிலும் காணப்படுகின்றது. 1851இல் பிரெடரிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரத் தட்டு முறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்ணாடித் தட்டில் கொலோடியனைச் சீராகப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன் படமெடுத்து உருத்துலக்குதல் வேண்டும். உருத்துலக்கியின் தாக்கத்தை உரிய கணத்தில் நீரூற்றி நிறுத்தாவிடின் படம் புகைபடர்ந்து கெடும். நிலைநிறுத்தியபின் மீண்டும் நன்கு கழுவாவிடின், எஞ்சும் உப்புகள் நாளடைவில் அதனை அரிக்கும். ஈரப் படலமோ விரல் பட்டாலே கிழியக்கூடியது.

வைற் தீவில் யூலியா மார்கரற் கமரன் 1864 முதல் எடுத்த படங்களிலுள்ள கறைகளையும் கீறல்களையும் அக்காலப் புகைப்பட இதழ்கள் கவனக்குறைவெனக் கண்டித்தன. பிற்கால அழகியலாளர் பலர் அவற்றையே மேதைமையின் முத்திரையெனப் போற்றினர். அவை கைவேலையின் தடயங்கள் என்பதை இரு சாராரும் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை. கழுவுவதற்குக் கிணற்று நீர் ஏராளமாக வேண்டியிருந்தது. அவ்வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அப்படங்களில் மரியன்னையாகத் தோன்றினார். புகைப்பட வேலையிலும் உதவினார். அவரது முகமே கலை வரலாற்றில் இடம்பெற்றது. 1875இல் இலங்கைக்கு வந்த கமரன் களுத்துறையில் படமெடுத்த உழைப்பாளர் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். எனவே, தட்டிலுள்ள கறையையும் சமூக வரலாற்றுச் சான்றாக நாம் ஆராய்தல் வேண்டும்.