கொச்சியின் கிட்டார்–மின்னணு இசை

ராக் குழுவின் கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு டிரம் மெஷின், சின்தசைசர், சாம்ப்ளர், டர்ன்டேபிள் என்று நடன இசையின் கருவிகளையும் சேர்த்துக்கொண்டு, 2000க்குப் பிறகு கொச்சியிலும் அதை மையமாகக் கொண்ட மலையாளத் திரையுலகிலும் வளர்ந்த இசைப்போக்கு இது. 1980களில் மான்செஸ்டர் நகரத்து இண்டி ராக் குழுக்கள் தொடங்கிவைத்த கலப்பு இதற்குத் தூரத்து மூதாதை. பிரிட்டனில் கிட்டாரும் இயந்திரமும் சந்தித்துக்கொண்டது நடனக் கூடத்தில். கொச்சியில் அப்படியொரு கூடம் வேர்விடவில்லை. அதன் வேலையைத் திரையரங்கும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியை மையமாக வைத்து இந்த இசையைப் பேசுவதற்குக் காரணங்கள் இரண்டு: 2012இல் ஃபோர்ட் கொச்சியில் நடந்த ஒரு கச்சேரி, 2017இல் மட்டாஞ்சேரி மொட்டைமாடிகளில் எடுக்கப்பட்ட ஒரு படம்.

பிரிட்டனில் தொடக்கம்

மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். மிஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தனர். நியூயார்க் நடன விடுதிகளில் கேட்ட இசை அவர்களை மாற்றிப்போட்டது. 1983 மார்ச்சில் வெளியான ‘ப்ளூ மண்டே’ ஏழரை நிமிடப் பாட்டு. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷினின் அடியோடு தொடங்கும். பாடகர் வாய் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தாளத்தையும் அடிநாதத்தையும் இயந்திரம் பார்த்துக்கொள்வதால் குழுவின் பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டாருக்கு அந்தச் சுமை இல்லை. அது மேல் ஸ்தாயிக்கு ஏறி, பாட்டின் மெட்டையே தன் கையில் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கலப்பின் இலக்கணமே இதுதான். இயந்திரம் வந்ததால் கிட்டாருக்கு வேலை போகவில்லை, வேறு வேலை கிடைத்தது.

நியூ ஆர்டரின் வருமானத்தையும் விழுங்கிக்கொண்டு ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் நடத்திய ஹசியெண்டா விடுதி 1982 மே 21 அன்று திறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் பல இரவுகள் ஆளில்லாமல் கிடந்தது. சிகாகோவின் ஹவுஸ் இசையும் எக்ஸ்டசி போதை மாத்திரையும் வந்த பிறகுதான் கூட்டம் நிரம்பியது. அந்தக் கூட்டத்தில் உள்ளூர் கிட்டார்காரர்களும் நின்றார்கள். ஸ்டோன் ரோசஸ் குழுவின் ‘ஃபூல்ஸ் கோல்ட்’ (1989), ஹாப்பி மண்டேஸ் குழுவின் பாட்டுகள் எல்லாம் அந்தத் தரையிலிருந்து எழுந்தவை. அடுத்த அடியை எடுத்துவைத்தவர் டிஜே ஆண்ட்ரூ வெதரால். பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் மந்தமான பாட்டொன்றை வாங்கி, பாடகரின் குரலைப் பெரும்பாலும் கழித்துவிட்டு, மிச்சத்தை நடன இசையாகக் கட்டிக்கொடுத்தார். 1990இல் வந்த ‘லோடட்’ அப்படிப் பிறந்தது. மறு ஆண்டு ‘ஸ்க்ரீமடெலிகா’ முழு ஆல்பமாக வந்தது. தன் பாட்டைப் பிறத்தியார் வெட்டி ஒட்டச் சம்மதிப்பது ராக் குழுக்களின் தன்மானத்துக்குச் சற்றுக் கசப்பான மருந்து. விழுங்கியவர்கள் பிழைத்தார்கள். ஹசியெண்டா 1997இல் மூடப்பட்டது. காசேபியன், ஃபோல்ஸ், 2007இல் மெர்க்குரி பரிசு பெற்ற கிளாக்சன்ஸ் போன்ற குழுக்கள் இந்த வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோயின.

தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதில் இருந்தார்கள். லெஸ்டர் நகரத்துக் கார்னர்ஷாப் குழு இந்தித் திரைப் பாடகி ஆஷா போஸ்லேயைப் போற்றி எழுதிய ‘ப்ரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ முதலில் சாதாரணக் கிட்டார் பாட்டாகத்தான் வந்தது. டிஜே நார்மன் குக் அதை வேகமாக்கி மறுவடிவம் கொடுத்ததும் 1998இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. லண்டனின் ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் இதே கலப்பில் அரசியலைக் காரமாகச் சேர்த்தது.

எம்.ஐ.ஏ.வும் பரேடு மைதானமும்

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போர் முற்றிய காலத்தில் அகதியாக லண்டன் திரும்பியவர். அவரை ராப் பாடகியாகவே பலர் அறிவார்கள். ஆனால் அவர் வந்த வழி இண்டி ராக்கின் கொல்லைப்புறம். எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் அவருக்குத் தோழி. அக்குழுவின் ‘தி மெனஸ்’ (2000) ஆல்பத்தின் அட்டையை வடிவமைத்தவர் எம்.ஐ.ஏ. அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில், தொடக்கக் கச்சேரி செய்த பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகம் செய்தார். அந்தப் பெட்டியோடு தொடங்கியவரின் முதல் பாட்டான ‘கலாங்’கில் (2003) ஃப்ரிஷ்மனுக்கும், பல்ப் என்ற புகழ்பெற்ற இண்டி குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் மக்கிக்கும் பங்குண்டு. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடித்தளமோ தி க்ளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அதே ‘கலா’ (2007) ஆல்பத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’வில் ஒலிப்பது உறுமி.

2012 டிசம்பர் 12 அன்று முதலாவது கொச்சி–முசிறிஸ் பிநாலே தொடங்கியபோது ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் அவருடைய கச்சேரி நடந்தது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று நடத்திய அந்தக் கலைவிழா, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளின் பழைய மிளகு, மசாலாக் கிடங்குகளைக் காட்சிக்கூடங்களாக்கியது. அந்த மைதானத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத ‘வெளி’ என்ற பகுதியில், தமிழ் வண்ணார் சமூகத்தினர் தலைமுறைகளாக நடத்திவரும் தோபி கானா இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ப்பெண் ஒருத்தியின் லண்டன் இசை கொச்சிக்கு வந்தபோது, ஊருக்குத் தமிழ் புதிதாக இருக்கவில்லை.

கொச்சியின் நிலம்

மட்டாஞ்சேரியின் சொந்த இசை மெஹ்ஃபில். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தக்னி முஸ்லிம்கள், யூதர்கள், தமிழர்கள் என்று வணிகத்துக்கும் வேலைக்கும் வந்தவர்கள் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ்ந்த ஊர் இது. ஹார்மோனியமும் தபலாவும் வைத்துப் பாடும் இந்த மெஹ்ஃபில் கூட்டங்கள் வீட்டு மாடிகளில் நடந்தன. 1981இல் மறைந்த மெஹபூப், மலையாள கஜலுக்கு உருவம் கொடுத்து 2018இல் மறைந்த உம்பாயி, இருவரும் இந்த மண்ணின் பாடகர்கள். மறுபக்கம் லத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் கிட்டார் தேவாலயப் பாடகர் குழுவோடு வந்து சேர்ந்தது. ஓட்டல் மேடைகள் அதற்குச் சம்பளம் கொடுத்தன.

அந்த மறுபக்கத்திலிருந்து வந்தது 1977இல் தொடங்கிய 13 ஏடி. ஹார்ட் ராக் வாசித்த இக்குழுவின் ‘கிரவுண்ட் ஜீரோ’ 1990இல் வெளியாயிற்று. 1996இல் உருவான மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் மின்கிட்டாரில் கமகங்களை வரவழைத்தார். ‘மக்தூப்’ (2008) அவர்களுடைய பேர்பெற்ற ஆல்பம். இரண்டுமே ஆங்கிலத்தில் பாடியவை, இரண்டுமே இயந்திரத்தை அதிகம் நாடாதவை. திறமையில் குறையில்லை. ஆனால் கல்லூரி விழாக்களைத் தாண்டி ஊருக்குள் அவை இறங்கவில்லை.

அவியல்

திருப்புமுனை 2003இல் உருவான அவியல் குழு. கொச்சி எல்லைக்குள் அடைக்க முடியாத, கேரளம் முழுவதற்கும் பொதுவான குழு அது. மலையாளத்தில் மட்டும் பாடுவது என்ற முடிவுதான் அதன் முதல் துணிச்சல். இரண்டாவது துணிச்சல் மேடையில் கண்ணுக்குத் தெரியும்: குழுவின் டோனி ஜான் பாடகர் மட்டும் அல்ல, டர்ன்டேபிள் கலைஞரும்கூட. ரெக்ஸ் விஜயன் கிட்டாரோடு சின்தசைசரும் கையாண்டார். டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸில் நரேஷ் காமத். தொடக்கத்தில் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் பாடினார்.

மும்பையின் ஃபாட் ஃபிஷ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘அவியல்’ ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள். ‘நட நட’, ‘செகேலே’, ‘கருகற’ போன்றவை நாட்டார் வாய்த்தாரியின் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டின்) அடியை ராக் டிரம்ஸுக்கும் மின்னணுத் தாளத்துக்கும் நடுவே நிறுத்துகின்றன. ‘ஆடு பாம்பே’ பாட்டின் சொற்கள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து வந்தவை. யோக அனுபவத்தைப் பாம்பாட்டியின் மொழியில் சொல்லும் அந்தப் பாடலின் சந்தம் ஏற்கெனவே சுழன்று சுழன்று வருவது. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த தமிழருக்கு அந்தச் சுழற்சியை விளக்க வேண்டியதில்லை. ஒரே தாளத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நடன இசைக்கு இதைவிடப் பொருந்தும் சொற்கட்டு கிடைப்பது அரிது. மான்செஸ்டர்காரர்கள் சிகாகோவிடம் கடன் வாங்கிய சுழற்சியை அவியல் தன் வீட்டுப் பரணிலிருந்தே இறக்கிக்கொண்டது. இந்தப் போக்கில் வந்தவற்றில் முழுமையான ஆல்பம் இதுவே.

திரையரங்கு

கேரளத்தில் இரவு விடுதிப் பண்பாடு தழைக்க வழி குறைவு. மது விற்பனைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. 2014இல் அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களை மூட முடிவெடுத்தது, அது 2017 வரை நீடித்தது. நடனமாட இடமில்லாத நடன இசை எங்கே போகும்? சினிமாவுக்குப் போயிற்று. 2011இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்துக்காக அவியல் ‘ஆனக்கள்ளன்’ பாட்டைக் கொடுத்தது. அதே ஆண்டு கொச்சியைக் களமாகக் கொண்ட ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். அடுத்து ‘22 ஃபீமேல் கோட்டயம்’, ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ ஆகியவற்றிலும் அவர் பங்காற்றினார். மலையாளத் திரையின் புதிய அலை என்று அப்போது பேசப்பட்ட படங்களின் ஒலி பெரும்பாலும் ஒரு ராக் கிட்டார்காரரின் கையிலிருந்து வந்தது. வழக்கமான பாட்டு, சண்டை, சோகம் என்ற பாகுபாட்டை விட்டுவிட்டு, காட்சியின் அடியில் நீளமாக ஓடும் மின்னணு ஒலிப்படலமும் அதன்மேல் எதிரொலியில் நனைந்த கிட்டாரும் அவருடைய கையெழுத்து.

2017 செப்டம்பர் 21 அன்று வெளியான ‘பறவ’ இதன் உச்சம். நடிகர் சௌபின் ஷாஹிர் இயக்கிய முதல் படம் அது. மட்டாஞ்சேரிச் சிறுவர்கள் இருவர் பந்தயப் புறா வளர்க்கிறார்கள். துல்கர் சல்மானும் ஷேன் நிகமும் உடன் நடித்திருக்கிறார்கள். இந்த ஊரைக் காட்டும் படமென்றால் கஜலும் ஹார்மோனியமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்போம். ரெக்ஸ் விஜயன் அந்தச் சுலப வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. புறா பறக்கும் வானத்துக்குச் சின்தசைசரையும் கிட்டாரையும் கொடுத்தார். ஊரின் பழமையை விற்காமல், அங்கே இன்று வளரும் பையன்களின் காதுக்கு இசையமைத்தார் என்பதே இப்படத்தின் சிறப்பு.

அடுத்த ஆள் சுஷின் ஷ்யாம். கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் என்ற மெட்டல் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ரெக்ஸ் விஜயன் பாட்டுகள் அமைத்த ‘சப்தமஸ்ரீ தஸ்கரா:’ (2014) படத்துக்குப் பின்னணி இசை கொடுத்துத் திரைக்கு வந்தார். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019), ‘ஆவேசம்’ (2024) என்று வரும்போது கிட்டார் பின்னுக்குப் போய், இயந்திரத் தாளமும் ராப்பும் முன்னுக்கு வந்துவிட்டன.

தொலைக்காட்சியில் மாத்ருபூமியின் கப்பா டிவி 2013 முதல் நடத்திய ‘மியூசிக் மோஜோ’ குழுக்களுக்கு மேடையாயிற்று. தைக்கூடம் பிரிட்ஜ் குழு அங்கிருந்துதான் பெயரெடுத்தது. 2016இல் கொச்சியில் தொடங்கிய வென் சாய் மெட் டோஸ்ட் குழுவினுடையது பான்ஜோவும் ஃபோக்கும் கலந்த வேறு பாதை.

தமிழகத்தோடு ஒப்பீடு

தமிழ்த் திரையிசையில் இயந்திரம் முன்னதாகவே வந்துவிட்டது. இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) கணினி இசைக்காகவே பேசப்பட்டது. ‘ரோஜா’வுக்குப் (1992) பிறகு அது வீட்டுப் பொருளாயிற்று. திரைக்குள் எல்லாம் கிடைத்ததாலோ என்னவோ, கிட்டாரையும் நடன இசையையும் கலக்கும் தனிக்குழுக்கள் சென்னையில் தாமதமாகவே தலைகாட்டின. 2012இல் உருவான தி எஃப்16ஸ், ‘கலைடாஸ்கோப்’ (2013), ‘ட்ரிகர்புங்க்டே’ (2016) ஆகிய வெளியீடுகளின் வழியே பிரிட்டானிய முறைக்கு மிக நெருங்கி நிற்கிறது. அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். தமிழ்ச் சொல்லையும் சென்னைக் கானாவையும் ராக், ராப்போடு இணைத்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் மேடையேறியது.