தூவியும் துயிலும்

தில்லி மாநகருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர் எவரும் தம் முதல் மார்கழியை மறந்திரார். ஊரிலிருந்து பெட்டியில் மடித்துக் கொணர்ந்த சமுக்காளமும் கைத்தறிப் போர்வையும் ஒரே இரவில் தோற்றுப்போக, மறுநாட் காலையிலேயே ரஜாய்க் கடையை நோக்கி நடந்தவர் நம்மில் பலர். கடைக்காரரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி, ‘இதில் எத்தனை கிலோ பஞ்சு?’ என்பதே. எடை மிகுந்தால் வெம்மையும் மிகும் என்பது நம் கணக்கு.

இன்று அக்கடைகளில் வாத்துத் தூவி அடைத்த போர்வைகளும் விற்பனைக்கு வருகின்றன. எடையோ மிகக் குறைவு, விலையோ பன்மடங்கு. கையில் எடுத்துப் பார்ப்போர், இவ்வளவு இலேசான பொருள் எவ்வாறு குளிரைத் தாங்கும் என ஐயுறுகின்றனர். அவ்வையத்திற்கு விடை வரலாற்றில் உண்டு. அவ்வரலாற்றின் பழைய ஏடு ஒன்று தமிழிலேயே இருப்பது நமக்கு வியப்பும் மகிழ்வும் தருவதாகும்.

நெடுநல்வாடை காட்டும் படுக்கை

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் இயன்றது, நக்கீரர் பாடியது. குளிர்காலத்தை அந்நூல் காட்டுவதுபோல் வேறெந்நூல் காட்டும் என்று கூறல் அரிது. நெருப்பில் கைகாய்ந்தும் நடுக்கம் தீராத கோவலரை அதன் தொடக்கத்திலேயே காண்கிறோம். கோடையில் பயன்பட்ட வட்ட விசிறி சுருக்கி மாட்டப்பட்டு, சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றது. மாடங்களின் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கணப்புச் சட்டியில் செந்நெருப்பு எரிகின்றது. தில்லித் தெருக்களில் அங்கீட்டியைச் சூழ்ந்து அமர்ந்திருப்போரைக் கண்ட நமக்கு அத்தடவு புதியதன்று.

பின்னர்ப் புலவர் நம்மை அரண்மனைக்குள் அழைத்துச் சென்று அரசியின் கட்டிலைக் காட்டுகிறார். நாற்பது ஆண்டு நிரம்பி, போரில் பட்ட யானையின் தந்தம் கொண்டு செய்த கட்டில் அது. அதன்மீது விரித்த படுக்கைக்கு உள்ளீடு யாது? துணையுடன் கூடிய அன்னத்தின் தூய வெண்ணிறத் தூவி. அதன்மேல் கஞ்சியிட்டுத் துவைத்த துகில். உள்ளே அடைத்த பொருளையும் மேலே விரித்த துணியையும் தனித்தனியே சொல்லும் புலவரின் நுண்மை நினையத்தக்கது.

பிற்கால உரையாசிரியர்கள் இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி எனப் படுக்கையை ஐவகைப்படுத்தினர். ஆதலின், படுக்கையின் தரத்தை அதன் எடையால் அன்றி உள்ளீட்டால் அறியும் மரபு நமக்குப் பழையதே. கடையில் நின்று ‘எத்தனை கிலோ?’ என்று கேட்டபோது நாம் மறந்தது அம்மரபைத்தான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் முன்னோர் தூவியைக் கீழே விரித்தனர். அதனை மேலே போர்த்தும் வழக்கம் வளர்ந்தது வடபால் ஐரோப்பாவில்.

மேலை நாட்டு வரலாறு

உரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்று நூலில், செர்மானிய நாட்டு வெள்ளை வாத்தின் தூவி ஒரு பவுண்டு ஐந்து டெனாரியம் விலைபெற்றது என்று குறிக்கிறார். அவ்விலைக்கு ஆசைப்பட்ட படைத்தலைவர் சிலர், காவல் நிலையில் நிற்கவேண்டிய வீரரை வாத்துப் பிடிக்க அனுப்பிப் பழிக்கு ஆளாயினராம்! இப்பிளினியே, இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் உரோமப் பேரரசினின்று வெளியேறுகிறது என்று புலம்பியவர். சேரர் துறைமுகமாகிய முசிறியைப் பெயர் சுட்டி எழுதியவர். நம் மிளகையும் வடநாட்டுத் தூவியையும் ஒரே நூலில் ஆடம்பரக் கணக்கில் சேர்த்தவர் அவர்.

சுவீடன் நாட்டில் உப்சாலாவுக்கு அருகே வால்ஸ்கார்தே என்னுமிடத்தில், 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த படகுக் கல்லறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டில், வீரரின் உடலுக்குக் கீழே தூவியும் இறகும் அடைத்த படுக்கைகள் இருந்தமையை 2021-இல் வெளியான ஆய்வு தெளிவுபடுத்தியது. வாத்து, காட்டுக்கோழி, காக்கை, கூகை எனப் பல பறவைகளின் இறகுகள் அவற்றில் கலந்திருந்தன. இறந்தவர்க்கும் மென்மையான படுக்கை வேண்டும் என்று அம்மக்கள் கருதினர் போலும்.

தூவிகளுள் தலையாயது ஈடர் என்னும் கடல்வாத்தினுடையது. அடைகாக்கும் பெட்டை தன் மார்பின் தூவியைத் தானே பறித்துக் கூட்டில் பரப்பி முட்டைகளைப் போர்த்துகின்றது. ஐஸ்லாந்து நாட்டு உழவர்கள் அக்கூட்டிலிருந்து தூவியைத் திரட்டுவர். ஒரு கிலோ தூவி சேர ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். பறவையைக் கொல்லாமல், நரி முதலிய பகைகளினின்று அதனைக் காத்து, அது தருவதைப் பெறும் தொழில் இது. இங்கிலாந்தின் ஃபார்ன் தீவில் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி கத்பர்ட் இப்பறவைகளுக்குக் காவல் தந்தார் என்பது மரபு. அப்பகுதியினர் இன்றும் அவ்வாத்தை அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்பர்க் நகரில் ஆங்கிலத் தூதராக இருந்த பால் ரைகோட், இலண்டனிலிருந்த தம் நண்பர்களுக்குத் தூவிப் பொதிகளை அனுப்பினார். போர்வையை உயரமாகவும் பெரிய கட்டங்களாகவும் தைக்கவேண்டும். அன்றேல் வெம்மை தாராது என்று உடன் அறிவுரையும் எழுதினார். அக்காலத்து ஆங்கிலேயர் அதனைப் பெரிதாக ஏற்கவில்லை. 1964-இல் டெரன்ஸ் கான்ரன் இலண்டனில் தொடங்கிய ஹாபிட்டாட் கடையின் வாயிலாகவே அங்கே தூவிப் போர்வை பெருவழக்காயிற்று.

புணே நகரோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. 1922-இல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச் என்னும் வேதியியலறிஞர் இருந்தார். பறக்கும் பலூனுக்குரிய துணியில் ஈடர் தூவியை அடைத்துத் தைத்த மேலங்கியை அவர் அணிந்து வந்தார். கம்பளி உடுத்திய தோழர்கள் முதலில் நகைத்தனர். மலைமேல் குளிர் மிகுந்தபோது அதே அங்கிக்கு ஏங்கினர். அவர் ஜெஃப்ரி புரூசுடன் 8,300 மீட்டர் உயரத்தைத் தாண்டித் திரும்பினார். அந்த ஃபின்ச் அவர்களே 1952 முதல் 1957 வரை புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கினார்.

காற்றே போர்வை

இவ்வரலாறு அனைத்தும் உணர்த்தும் உண்மை ஒன்றே. நம்மைக் காப்பது தூவி அன்று. தூவிக்குள் அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றே. போர்வை தானாக வெம்மையை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெம்மை வெளியேறாதவாறு அந்நின்ற காற்று தடுக்கின்றது. ஓடும் காற்று வாடையாகி நடுக்குகிறது. நிறுத்திய காற்று போர்வையாகிக் காக்கிறது. இரண்டும் ஒரே காற்றுதான்.

தில்லியில் குளிர் தொடங்குமுன் வில்லேந்திப் பஞ்சு கொட்டுவோர் செய்வதும் இதுவே. ஓராண்டு அமுங்கிக் கட்டியான பஞ்சை நாணால் அடித்துப் பிரிக்கையில், அவர்கள் பஞ்சைக் கூட்டுவதில்லை. இழந்த காற்றை மீட்டுத் தருகின்றனர். எடை கூடாமலே பழைய ரஜாய் புத்துயிர் பெறுவது அதனால்தான்.

தேர்ந்து கொள்ளும் முறை

இவ்வுண்மையைக் கைக்கொண்டால் தேர்வு எளிதாகும். முதலாவது, உள்ளீடு. தூவி வேறு, இறகு வேறு. இறகுக்கு நடுவே தண்டு உண்டு. தூவிக்கு அது இல்லை. பூப்போல் எப்புறமும் விரியும். சீட்டில் தூவியின் விழுக்காடு குறித்திருக்கும். அது குறையக் குறைய எடை ஏறும். தண்டின் முனை துணியைக் குத்தி வெளிவரும்.

இரண்டாவது, விரிதிறன். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அவ்வெண். 600 என்பது நன்று. 800 என்பது மிகச் சிறப்பு. 800 எனில், கைப்பிடித் தூவி 13 லிட்டர் அளவு விரிந்து காற்றைச் சிறைப்படுத்தும் என்பது பொருள். வெம்மை காக்கும் திறனுக்கு ‘டாக்’ என்னும் அளவையும் உண்டு. 1940-களில் மான்செஸ்டர் நகரத்து ஷர்லி ஆய்வு நிலையத்தில் பிறந்த அளவை அது. 4.5 கோடைக்கும் 13.5 கடுங்குளிருக்கும் உரியவை என்பது பிரித்தானியக் கடை வழக்கு.

மூன்றாவது, துணியும் தையலும். இழை நெருங்கிய பருத்தித் துணியே தூவியை வெளிவிடாது. கட்டந்தோறும் மேல்துணிக்கும் கீழ்துணிக்கும் இடையே துணிச்சுவர் எழுப்பித் தைத்தது சிறந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தித் தைத்தால் தையல் ஓடும் வழியெல்லாம் காற்றுக்கு இடமின்றிக் குளிர் நுழையும். ரைகோட் அன்று எழுதிய அறிவுரை இன்றும் செல்லும்.

நான்காவது, இடம். தூவி நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப் போகும். சென்னை, மும்பை போன்ற ஈரக்காற்று நகரங்களுக்கு அது வேண்டுவதன்று. அங்குப் பருத்தியே போதும். அவ்வப்போது உதறிக் காற்றாட உலர்த்துவதும், உறையிட்டுப் பயன்படுத்துவதும் தூவியின் ஆயுளை நீட்டும்.

ஐந்தாவது, அறம். உயிருள்ள வாத்தைப் பிடித்துத் தூவி பறிக்கும் கொடுமை சில இடங்களில் நிகழ்ந்துள்ளது. அதனை விலக்கிய பண்ணைகளுக்கு 2014 முதல் பொறுப்புள்ள தூவித் தரம் என்னும் சான்று வழங்கப்பெறுகிறது. அதனைக் கேட்டு வாங்குதல் நம் கடன். விலை கைக்கு எட்டாதவர் வருந்த வேண்டுவதில்லை. நன்கு கொட்டிய பஞ்சு அடைத்த மெல்லிய ஜெய்ப்பூர் ரஜாய், அமுங்கிய பழம்பஞ்சின் பெருஞ்சுமையினும் மேலானது.

வீட்டில் முதியோரும் குழந்தைகளும் உள்ளவர் இன்னும் கவனிக்க வேண்டும். பேரக் குழந்தையைக் காண ஊரிலிருந்து வரும் தாய்தந்தையர் மேல், அன்பு மிகுதியால் இரண்டு ரஜாய்களை அடுக்கி விடுகிறோம். அவர்களோ புரளவும் இயலாது, சொல்லவும் மனமின்றி விடியலை எதிர்நோக்கிக் கிடக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது சுமையற்ற வெம்மை. ஓராண்டு நிரம்பாத மகவுக்கோ இத்தகைய போர்வை ஆகவே ஆகாது. முகத்தை மூடி மூச்சைத் தடுக்கும் இடர் உண்டு.

மீண்டும் நெடுநல்வாடைக்கு வருவோம். அன்னத்தூவிப் படுக்கையில் கிடந்த அவ்வரசி உறங்கினாளா? இல்லை. அவள் கணவன் பாசறையில் இருந்தான். வாடை வீசும் நள்ளிரவில் அவனும் உறங்காமல், புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று பார்த்துக்கொண்டிருந்தான். உலகின் மென்மையான படுக்கையைப் பாடிய புலவர், அதில் துயிலாத ஒருத்தியையே நமக்குக் காட்டினார். தூவி குளிரைத்தான் நீக்கும், பிரிவை நீக்காது. ஊர்விட்டு வந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆதலின் நல்ல போர்வையைத் தேர்ந்து வாங்குவோம். வாங்கியதைப் பெற்றோர்மேல் போர்த்தியபின், ‘கனக்கிறதா?’ என்று ஒரு சொல் கேட்டுவிட்டு விளக்கை அணைப்போம்.